பூட்டிய கதவும் திறந்த கதவும்

பல்கலைக் கழக நூல் நிலையத்தில் கண்காட்சி வைத்திருக்கிறார்கள், சொற்பொழிவு நடக்கிறது என்று சொன்னால், நம் தோழர்கள் பலர் என்ன சொல்கிறார்கள்? "அது படித்தவர்கள் சமாச்சாரம். நமக்கு அங்கே என்ன வேலை?" என்கிறார்கள். எட்டு மணி நேரம் தறியோடு நின்றவரும், நாள் முழுதும் குனிந்து நாற்று நட்டவரும் இப்படிக் கேட்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் இப்படி ஒதுங்கிப் போவதால் நஷ்டம் நமக்குத்தான். ஒரு நூல் நிலையத்தின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த இத்தாக்கா என்ற ஊரில் கார்னெல் பல்கலைக் கழகம் இருக்கிறது. அங்குள்ள நூல் நிலையம் ஒன்றில் கீல் மையம் என்று ஒரு பிரிவு. தொழிற்சங்கங்களின் பழைய தஸ்தாவேஜுகளைக் காப்பது அதன் வேலை. பெண்கள் உடை தைக்கும் தொழிலாளர் சங்கத்தின் காகிதங்கள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு, 1911-ம் வருஷத்துத் தீ விபத்து ஒன்றைப் பற்றிக் கண்காட்சி அமைத்திருக்கிறார்கள். அது இணையத்திலும் இருக்கிறது.

அது என்ன விபத்து?

1911 மார்ச் 25, சனிக்கிழமை. மாலையில் வேலை முடியும் நேரம். நியூயார்க் நகரில் ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் டிரையாங்கிள் கம்பெனி பெண்களுக்கான சட்டைகளைத் தைத்துக் கொண்டிருந்தது. எட்டாம் மாடியில் தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடிப் பெண்கள் படிக்கட்டுக்கு ஓடினார்கள். ஒரு பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது! தொழிலாளி துணியைத் திருடிவிடுவாள் என்று சந்தேகம். எல்லோரையும் ஒரே வாசலில் விட்டுப் பையைச் சோதிப்பதற்காக மறு வாசலுக்குப் பூட்டு! வெளிப்புறத்து இரும்புப் படிகள் பாரம் தாங்காமல் சரிந்தன. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. பலர் ஜன்னலிலிருந்து குதித்து மடிந்தார்கள். மொத்தம் 146 உயிர்கள். அதில் 123 பேர் பெண்கள். அயல் நாடுகளிலிருந்து பிழைக்க வந்த யூத, இத்தாலியக் குடும்பங்களின் இளம் பெண்களே அதிகம்.

முதலாளிகளுக்கு என்ன தண்டனை? 1911 டிசம்பரில் ஜூரிகள் அவர்களை விடுதலை செய்துவிட்டார்கள். கதவு பூட்டியிருந்தது அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரியும் என்று நிரூபணம் ஆகவில்லையாம்! 1913-ல் அவர்களில் ஒருவர் மறுபடியும் வேலை நேரத்தில் கதவைப் பூட்டி வைத்துப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர். 1914-ல் வழக்குத் தொடுத்த குடும்பங்களுக்கு, உயிர் ஒன்றுக்கு 75 டாலர் நஷ்ட ஈடு கிடைத்தது.

தோழர்களே, இந்த விவரங்கள் இன்று நமக்கு எப்படித் தெரிகின்றன? அந்த வழக்கின் அதிகாரபூர்வமான விசாரணைப் பதிவேடு தொலைந்து போயிற்று. முதலாளிகளின் வக்கீல் கட்டி வைத்திருந்த பிரதிதான் பிற்காலத்தில் அகப்பட்டது. அதுவும் முழுமையாக அல்ல. தப்பிப் பிழைத்த தொழிலாளர்களின் வாய்மொழியை யார் காப்பாற்றியது? சங்கத்தின் பத்திரிகை ஆசிரியர் லியோன் ஸ்டைன் அவர்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதினார். 1962-ல் புத்தகமாக வெளியிட்டார். அவருடைய காகிதங்களும் கீல் மையத்தில் இருக்கின்றன. முதலாளியின் வக்கீல் தன் பிரதியைப் பத்திரப்படுத்தினான். சங்கம் தன் மக்களின் சொல்லைப் பத்திரப்படுத்தியது. சங்கம் தன் பங்கைச் செய்திராவிட்டால், மிஞ்சுவது வக்கீலின் பிரதி மட்டுமே!

இறந்தவர்களில் ஆறு பேருடைய பெயர் நூறு வருஷமாகத் தெரியாமலே இருந்தது. பழைய பத்திரிகைகளையும் பதிவேடுகளையும் பொறுமையாகப் புரட்டி, 2011-ல்தான் அந்தப் பெயர்களைக் கண்டுபிடித்தார்கள். காகிதம் பிழைத்திருந்ததால் அந்த ஆறு பேருக்கும் பெயர் கிடைத்தது.

சொற்பொழிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1964 செப்டம்பர் 30 அன்று, கார்னெலில் 84 வயது மூதாட்டி ஒருவர் மாணவர்களிடையே பேசினார். பெயர் பிரான்ஸெஸ் பெர்க்கின்ஸ். தீப்பிடித்த அன்று அவர் பக்கத்தில் ஒரு வீட்டில் இருந்தார். ஓடிவந்து, பெண்கள் குதித்ததைக் கண்ணால் கண்டார். தொழிலாளர்களின் கொந்தளிப்புக்குப் பின் நியூயார்க்கில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. அதில் அவரும் உழைத்தார். தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. 1933 முதல் 1945 வரை அவர் அமெரிக்காவின் தொழிலாளர் மந்திரி. மறு வருஷம், 1965-ல், அவர் காலமானார். அன்றைய பேச்சின் ஒலிப்பதிவு மட்டும் அந்த நூல் நிலையத்தில் இருக்கிறது.

"கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டால் கோபமும் ஆறிப்போகும்" என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை உண்டு. வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு அது பழங்கதைதான். ஆனால் 2012 நவம்பரில் வங்க தேசத்தில், தாஸ்ரீன் உடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 110 பேருக்கு மேல் மாண்டார்களே! அங்கேயும் வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்தன. தொழிலாளி அந்தக் கண்காட்சியைப் பார்த்தால் என்ன கேட்பார்? "என் மில்லில் அவசர வழி எங்கே இருக்கிறது? அதன் சாவி யாரிடம் இருக்கிறது?" என்று கேட்பார். அந்தக் கேள்வி பிறக்கிற இடத்தில் கண்காட்சி பழங்கதை ஆகாது.

ஆகவே பல்கலைக் கழகங்களை நாம் கேட்க வேண்டியது சில. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நூல் நிலையத்தின் கண்காட்சியை ஷிப்டு முடிந்து வருகிறவரும் பார்க்கும்படி மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்து வையுங்கள். சொற்பொழிவை எங்களுக்குப் புரியும் தமிழில் நடத்துங்கள். பேராசிரியர் பேசும் மேடையில், நாற்பது வருஷம் நூல் நூற்ற தொழிலாளிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. சங்கத்தின் மினிட் புத்தகம், வேலை நிறுத்த நோட்டீஸ், கூலி ஒப்பந்தம், ஊர்வலப் புகைப்படம் எல்லாம் எங்கே? பரணில் கரையான் தின்னுகிறதா? எடைக்குப் போய்விட்டதா? இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துத் தூசி தட்டுங்கள். படத்தின் பின்னால் பெயரும் தேதியும் எழுதுங்கள். வயதான தோழர்களை உட்கார வைத்து அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். பிறகு நம்பிக்கையான நூல் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீது வாங்குங்கள்.

டிரையாங்கிள் பெண்களுக்குக் கதவு பூட்டிக் கிடந்தது. நூல் நிலையத்தின் கதவு திறந்திருக்கிறது. அதையும் நமக்கு நாமே பூட்டிக் கொள்ள வேண்டாம், தோழர்களே!