நடக்கச் சொல்கிறீர்கள், எங்கே நடப்பது?

‘இனிப்பைக் குறையுங்கள், எண்ணெயைக் குறையுங்கள், நாள்தோறும் நடங்கள்.’ தக்கலை முதல் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் வரை நம் மஹல்லாக்களுக்கு வரும் சுகாதாரக் கல்வியாளர்கள் சொல்லிச் செல்வது பெரும்பாலும் இதுவே. சொல்வது சரிதான். ஆனால், இதற்கு ‘நலவாழ்வு மேம்பாடு’ என்று பெயர் சூட்டுவதை ஏற்க இயலாது.

1986ஆம் ஆண்டு ஒட்டாவா நகரில் நடைபெற்ற உலக மாநாட்டின் சாசனம் அம்மேம்பாட்டுக்கு ஐந்து பணிகளை வகுத்தது: நலம் பேணும் பொதுக் கொள்கை, துணைசெய்யும் சூழல், சமுதாயத்தின் கூட்டுச் செயல், தனிமனிதத் திறன், மருத்துவச் சேவையின் திசைமாற்றம். நம் கல்வியாளர்கள் இவ்வைந்தில் தனிமனிதத் திறனை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் அறிவுரையாகச் சுருக்கிவிட்டனர். கேட்டவர் பின்பற்றாவிடில், ‘விழிப்புணர்வு இல்லை’ என்று தீர்ப்பும் எழுதிவிடுகின்றனர்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை தருகிறது. பாராட்டத்தக்க பணி. ஆயினும் மாத்திரை வீடு தேடி வருவது சிகிச்சை. நோய்க்கு வழிவிடும் சூழலை மாற்றுவதே மேம்பாடு.

ரமளானை எடுத்துக்கொள்வோம். ‘நோன்பு வேண்டாம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்தால், நீரிழிவுள்ள தாய் எதிர்த்துப் பேசமாட்டார்; நோன்பையும் விடமாட்டார். மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நோயாளி நோன்பை விட்டு வேறு நாட்களில் நோற்கலாம் என்ற சலுகையை அல்குர்ஆனே (2:185) வழங்கியிருக்கிறது. ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரையும் ஆலிமையும் ஒரே அவையில் அமர்த்தி, யார் நோற்கலாம், யார் நோற்கலாகாது, சஹருக்கும் நோன்பு திறப்புக்கும் ஏற்ப மருந்து எவ்வாறு மாறும் என்று விளக்கச் செய்தால் அது மேம்பாடு.

மதீனாவில் நல்ல தண்ணீர் அரிதாக இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் உபதேசத்தோடு நின்றுவிடவில்லை. ரூமா கிணற்றை வாங்கி மக்களுக்கு அளிக்குமாறு தூண்டினார்கள்; உஸ்மான் (ரலி) அவர்கள் வாங்கிப் பொதுவாக்கினார்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்றே கற்பித்தார்கள்.

‘திடல் அமைப்பது எங்கள் வேலையா?’ என்று கல்வியாளர்கள் கேட்கலாம். அமைப்பது உங்கள் வேலையன்று. ஜமாஅத்தையும் பேரூராட்சியையும் ஒன்றாக அமர்த்தி, மக்கள் தம் தேவையைத் தாமே கேட்கச் செய்வது உங்கள் வேலையே.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு கேள்வி: ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம் மதரஸா மைதானத்தைப் பெண்கள் நடப்பதற்குத் திறந்துவிட என்ன தடை? நிக்காஹ் விருந்தின் வீண்விரயத்தைக் கட்டுப்படுத்த ஒரு தீர்மானம் போதாதா? உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைக் காக்கும் பொறுப்பை நோயாளியின் தலையில் மட்டும் சுமத்துவது நீதியாகாது.

சொல்லோடு நில்லாமல் செயலில் இறங்கும் தவ்ஃபீக்கை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.