செல்போன் கதிர்வீச்சை ஸ்டிக்கர் தடுக்குமா?

''எங்கள் ஊர் வாரச்சந்தையில், செல்போனின் பின்பக்கம் ஒட்டினால் கதிர்வீச்சு தாக்காது என்று சொல்லி, ஒரு ஸ்டிக்கரை 350 ரூபாய்க்கு விற்கிறார்கள். மருமகள் கர்ப்பமாக இருப்பதால், வீட்டில் இருக்கும் மூன்று போன்களுக்கும் வாங்கலாமா என்று யோசிக்கிறோம். இது உண்மையிலேயே வேலை செய்யுமா?''

- வாசகி, மணப்பாறை.

வாங்கத் தேவையில்லை. போனும் டவரும் பேசிக்கொள்வதே ரேடியோ அலை மூலமாகத்தான். அந்த அலையை முழுவதுமாக மறித்துவிட்டால், அழைப்பே வராது. ஸ்டிக்கர் ஒட்டிய பிறகும் போன் மணி அடிக்கிறது என்றால், அலை வழக்கம்போலப் போய் வருகிறது என்றுதான் அர்த்தம்.

'தலைப்பக்கம் வருவதை மட்டும் தடுக்கும்' என்று சிலர் சொல்வார்கள். ஒரு பக்கம் மறித்தால், மற்ற பக்கங்கள் வழியாக அலை வெளியே வரும். அதோடு, சிக்னல் குறைந்தால் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். இதனால் கதிர்வீச்சு அதிகமாகவும் வாய்ப்பு உண்டு என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் மக்களை எச்சரித்திருக்கிறது. ஆதாரமில்லாமல் இப்படி விளம்பரம் செய்த இரண்டு நிறுவனங்கள் மீது 2002-ம் ஆண்டே அது வழக்குப் போட்டது.

ஸ்டிக்கர் ஒட்டியதும் மீட்டரில் எண் இறங்குவதைக் காட்டி விற்பவர்களும் உண்டு. போன் வெளியிடும் சக்தி நொடிக்கு நொடி ஏறி இறங்கும். அதனால், சந்தையில் காட்டும் அந்த எண்ணை நம்ப முடியாது.

நம் நாட்டிலும் 2020 அக்டோபரில், பசுஞ்சாணத்தில் செய்த 'சிப்' கதிர்வீச்சைக் குறைக்கும் என்று ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக்கின் அப்போதைய தலைவர் அறிமுகம் செய்தார். ஆய்வு ஆதாரம் எங்கே என்று நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் கேள்வி எழுப்பினார்கள். சாணம் நிலத்துக்கு நல்ல உரம். போன் அலையை அடக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

சில பொருள்கள் ஆபத்தாகவும் முடியும். '5ஜி-யிலிருந்து காக்கும்' என்று விற்ற கழுத்து டாலர், கண்மறைப்புத் துணி உள்ளிட்ட 10 பொருள்களில், உண்மையான அணுக்கதிர்வீச்சு வெளியாவதை நெதர்லாந்து அரசின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அமைப்பு 2021 டிசம்பரில் கண்டுபிடித்தது. போன் அலையைவிட இது வேறு வகை. நீண்ட நாள் உடலில் பட்டால் கெடுதல் செய்யக்கூடியது.

சரி, போனால் ஆபத்து உண்டா? செல்போன் பயன்பாட்டால் உடல்நலக் கேடு ஏற்படுவது இதுவரை உறுதியாகவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2011-ம் ஆண்டு இந்த அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் இருக்கலாம்' என்ற பட்டியலில் வைத்தது. ஆதாரம் குறைவு, ஆனால் தள்ளிவிடவும் முடியாது என்பதே அதன் பொருள். இந்தியாவில் விற்கும் போன்களுக்கு, உடல் கிரகிக்கும் அளவு கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. பெரும்பாலான போன்களில் *#07# என்று அழுத்தினால், இந்த அளவு திரையில் தெரியும்.

எச்சரிக்கையாக இருக்க நினைப்பவர்களுக்குச் செலவில்லாத வழி, போனைக் கொஞ்சம் தள்ளி வைப்பதுதான். தூரம் கூடக் கூட அலையின் வலிமை மளமளவென்று குறைந்துவிடும். ஸ்பீக்கரில் அல்லது ஒயர் ஹெட்போனில் பேசலாம். தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்க வேண்டாம். கர்ப்பிணிகள் மடியில், வயிற்றின் மேல் வைக்காமல் மேஜையில் வைக்கலாம். கிணற்றடி, மோட்டார் ரூம் போல ஒரு கோடு சிக்னல்தான் கிடைக்கும் இடத்தில், போன் அதிக சக்தியில் வேலை செய்யும். அங்கே நீளமாகப் பேசாமல், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் மேட்டுக்கு வந்து பேசுவது நல்லது.

மூன்று ஸ்டிக்கருக்கு ஆகும் 1,050 ரூபாயில் மருமகளுக்கு முட்டை, கீரை, பயறு, பழம் வாங்கிக் கொடுத்தால், தாய்க்கும் பிள்ளைக்கும் நிச்சயம் பலன் உண்டு. ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள், பில்லைக் கையில் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பில் தர மறுப்பவரிடம் எதையும் வாங்காமல் இருப்பதே நல்லது.