சுத்தியலை வைத்துவிட்டு அளவுகோலை எடுப்போம்

எங்கள் லிங்கராஜபுரத்தின் குறுகிய தெருக்களில் இன்றும் சில பழைய ஜீப்புகளும் ஜிப்சிகளும் வாசலோரம் நிற்கின்றன. வில்லிஸ் வார்ப்பில் மகிந்திரா நிறுவனம் தயாரித்த ஜீப்பும், 1985-இல் அறிமுகமாகி மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் வெளிவந்த மாருதி ஜிப்சியும் எளிதில் சாகாத வண்டிகள். ஆயினும் அவற்றை வைத்திருப்பது வேறு, முறையாகப் பேணுவது வேறு.

பேணுதல் இன்று பணக் கணக்காகவும் ஆகிவிட்டது. சொந்த உபயோக வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளில் முடிகிறது. பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகவே புதுப்பிக்க இயலும். கார், ஜீப் வகைக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு 2025-இல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் வண்டி சோதனைக்கு நிற்க வேண்டும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஒழுங்காக இல்லாத வண்டிக்கு இது வீண்செலவே.

இந்நிலையில் எம் கருத்து இது: பழைய நான்கு சக்கர இயக்க வண்டிக்கு ஒதுக்கும் முதல் தொகை அகன்ற டயருக்கோ கூடுதல் விளக்குக்கோ போகலாகாது, கருவிகளுக்கே போக வேண்டும். அதுவும் நூறு உருப்படிகள் அடங்கிய பளபளப்பான பெட்டிக்கு அன்று; அவ்வண்டிக்கென்றே தேவைப்படும் நான்கைந்து தனிக் கருவிகளுக்கு.

முதலாவது, ஹப் நட்டுக்கான பெரிய பாக்ஸ் ஸ்பேனர். முன்சக்கர பேரிங்கை இறுக்கும் அந்த நட்டை உளியும் சுத்தியலும் கொண்டு தட்டித் திருப்பும் வழக்கம் பரவலாக உண்டு. நட்டின் முனை சிதைவதோடு, எவ்வளவு இறுகியது என்பதும் தெரியாமற் போகிறது. அதிகம் இறுகினால் பேரிங் சூடேறிக் கெடும்; தளர்ந்தால் சக்கரம் ஆடும்.

இரண்டாவது, பழைய செய்தித்தாள் வாங்குபவர் தூக்கிப் பிடிக்கும் கொக்கித் தராசு. வேகமெடுக்கையில் ஸ்டியரிங் கட்டுக்கடங்காமல் நடுங்கினால் பலர் டயரையும் ஸ்டியரிங் டாம்பரையும் மாற்றிப் பார்க்கின்றனர். முன் அச்சின் முனையிலுள்ள கிங்பின் பேரிங்குகள் தேய்ந்து தளர்ந்திருப்பதும் இதற்கு ஒரு முக்கியக் காரணம். டை ராடைக் கழற்றி, ஸ்டியரிங் நக்கிளில் தராசை மாட்டி இழுத்து, அது அசையத் தொடங்கும் எடையைக் கையேட்டிலுள்ள அளவுடன் ஒப்பிட வேண்டும். எடை குறைவாயின் பேரிங்கைச் சோதித்து, கிங்பின்னின் அடியிலுள்ள மெல்லிய ஷிம் தகடுகளைக் குறைத்து இறுக்கலாம். மலிவான தராசு ஒன்று ஊகத்தை அளவாக மாற்றிவிடுகிறது.

மூன்றாவது, டார்க் ரெஞ்ச். வாங்கியபின் அலகில் கவனம் வேண்டும். பழைய ஜீப் கையேடுகள் அடி-பவுண்டில் பேசும். இன்றைய கருவிகள் நியூட்டன்-மீட்டரில் காட்டும். 60 அடி-பவுண்டு என்பது ஏறத்தாழ 81 நியூட்டன்-மீட்டர். எண்ணை மட்டும் பார்த்து 60-இல் நிறுத்தினால் போல்ட் முக்கால் பங்கே இறுகியிருக்கும்.

ஸ்பேனரிலும் இதே குழப்பம். பழைய ஜீப்பில் அங்குல அளவுகள்; ஜிப்சியில் மில்லிமீட்டர். அரை அங்குல நட்டு 12.7 மி.மீ.; அதில் 13-ஆம் நம்பர் ஸ்பேனர் பொருந்துவது போல் தோன்றி, துருப்பிடித்த நட்டின் முனைகளை மழுக்கிவிடும். அங்குல ஸ்பேனர் ஒரு செட் தனியே வேண்டும்.

இவை அனைத்திற்கும் முன்னால் வாங்க வேண்டியவை இரண்டு ஜாக் ஸ்டாண்டும், சக்கரத்திற்கு அண்டை கொடுக்கும் கட்டைகளும். பழைய ஜீப்புகள் பலவற்றில் கைப்பிரேக் பின்சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்னோக்கிச் செல்லும் தண்டைத்தான் அது பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கியவுடன், டிஃபரென்ஷியல் வழியே அது எதிர்த்திசையில் சுழல, தரையிலுள்ள சக்கரம் உருளலாம். கைப்பிரேக் போட்டிருக்கிறதே என்று நம்பி வண்டியின் அடியில் படுப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார். ஜாக் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு ஸ்டாண்டு.

வீட்டில் செய்யத் தொடங்கினால் மெக்கானிக்கின் பிழைப்பு என்னாவது என்று கேட்கலாம். டிஃபரென்ஷியல் பல்சக்கரங்களின் பொருத்தம், டீசல் பம்பின் அளவீடு போன்றவை அவருடைய கைக்கே உரியவை. அவற்றில் நாம் தலையிடலாகாது. ஆனால் அளந்து பார்த்துவிட்டு, இன்ன இடத்தில் இவ்வளவு தளர்வு என்று சொல்லும் வாடிக்கையாளரை நல்ல மெக்கானிக் வரவேற்கவே செய்வார். தேவையற்ற பாகத்தை மாற்றும் செலவு அவ்விடத்திலேயே நின்றுவிடும்.

இடமும் பணமும் குறுகிய பகுதியில் எல்லாரும் எல்லாம் வாங்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு இருமுறை பயன்படும் ஹப் ஸ்பேனரை நான்கு வீட்டார் சேர்ந்து வாங்கலாம், ஜே.சி. சாலையின் உதிரிபாகக் கடைகளில் கேட்டால் வழி கிடைக்கும். யாரிடம் இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் குறித்துவைத்தால் போதும். ஆனால் ஜாக் ஸ்டாண்டை மட்டும் இரவல் கேட்டுக் காத்திராமல் அவரவர் சொந்தமாக வாங்கிவைக்க வேண்டும். அவசரத்தில் அது கையருகில் இல்லாவிட்டால், ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்கத் துணிந்துவிடுவோம்.