கரிசல் பூமி ஏழை பூமியா?

ஓர் அதிகாரியை மிரட்ட வேண்டுமா? "தண்ணீர் இல்லாத காட்டுக்கு மாற்றி விடுவேன்" என்று சொல்வது நம் நாட்டு வழக்கம்.

அந்தக் காடு எங்கே இருக்கிறது? கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், அருப்புக்கோட்டை, கமுதி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கரிசல் சீமையைத்தான் பலர் அப்படி எண்ணுகிறார்கள்.

இது பெரிய தவறு. கரிசல் வறண்ட பூமிதான். ஆனால் ஏழை பூமி அல்ல!

மண்ணே தண்ணீர்த் தொட்டி

கோடையில் கரிசல் நிலத்தைப் பாருங்கள். கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புதான் மண்ணின் வாய். முதல் மழையை அது மடமடவென்று குடிக்கிறது. ஈரம் பட்டதும் மண் உப்புகிறது; வெடிப்பு மூடிக்கொள்கிறது. குடித்த தண்ணீர் உள்ளேயே தங்குகிறது. செம்மண் சீக்கிரம் காய்ந்து விடும். கரிசல் பல நாள் ஈரம் காக்கும்.

அதனால்தான் புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டும் நம்பி, தை, மாசியில் அறுவடை செய்ய முடிகிறது. பெரும்பாலான காடுகளில் கிணறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. ஆனாலும் கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மிளகாய், பருத்தி எல்லாம் விளைகின்றன.

கடல் கடந்த சரக்கு

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கிருந்து வந்த பஞ்சு நின்று போனதும், இங்கிலாந்து ஆலைகள் இந்தியப் பஞ்சைத் தேடின. திருநெல்வேலிப் பஞ்சு தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. கோவில்பட்டியில் 1901-லேயே விவசாய ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கப்பட்டது. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இத்தனை பெருமை இருந்தும் கரிசல்காட்டுப் பிள்ளைகள் ஏன் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகிறார்கள்?

மழை வருகிறது, நிற்பதில்லை

"மழை இல்லை" என்பது முதல் பதில். அது பாதி உண்மைதான். கோவில்பட்டியில் ஆண்டுக்குச் சுமார் 70 சென்டிமீட்டர் மழை பெய்யும். அதே தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரை ஊரான காயல்பட்டினத்தில், 2023 டிசம்பரில், ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது! வீடுகள் மூழ்கின. பயிர்கள் அழிந்தன. பல இடங்களில் குளங்கள் உடைந்தன.

வந்த மழையைப் பிடித்து வைக்க நம் முன்னோர் கண்மாய் வெட்டினார்கள். இன்று பல கண்மாய்களில் வண்டல் மேடிட்டுவிட்டது. வரத்துக்காலில் சீமைக் கருவேலம் அடைத்து நிற்கிறது.

அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைகள் இருக்கிறார்கள். அவர்கள் வயிற்றில் அடிக்கக் கூடாது. கண்மாயையும் வரத்துக்காலையும் முதலில் சுத்தம் செய்யட்டும். அந்த வேலையை அவர்களுக்கே கொடுக்கட்டும்.

"ஆற்றைக் கொண்டுவந்தால்தான் விடிவு" என்பவர்களும் உண்டு. காவிரி - குண்டாறு கால்வாய்க்கு 2021-ல் அடிக்கல் நாட்டினார்கள். தண்ணீர் வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் வருகிற தண்ணீரை எங்கே தேக்குவது? அதே கண்மாயில்தானே!

விளைந்தால் மட்டும் போதுமா?

இரண்டாவது குறை, விலை. கம்புக்கும் சோளத்துக்கும் மத்திய அரசு ஆதரவு விலை அறிவிக்கிறது. அறிவித்தால் மட்டும் போதாது. அந்த விலைக்கு வாங்க ஆள் வேண்டும். நெல் விளையும் ஊர்களில் கொள்முதல் நிலையம் திறப்பதுபோல், கரிசல் ஊர்களிலும் கம்புக்கும் சோளத்துக்கும் உளுந்துக்கும் திறக்க வேண்டும். கடன்காரன் வாசலில் நிற்கும்போது, விவசாயி மூட்டையை வைத்துக்கொண்டு நல்ல விலைக்குக் காத்திருக்க முடியாது. வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்துவிடுகிறான்.

நாமும் கொஞ்சம் செய்யலாம். ஒரு காலத்தில் கம்பங்கூழ் ஏழை வீட்டுச் சாப்பாடு. இன்று டாக்டரே கம்பு சாப்பிடச் சொல்கிறார். வாரத்தில் இரண்டு நாள் நம் வீட்டு அடுப்பில் கம்பு தோசையோ, சோளப் பணியாரமோ வேகட்டும். பிள்ளைகளுக்கும் நல்லது, கரிசல்காட்டு விவசாயிக்கும் நல்லது.

கரிசல் மண் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. கிடைத்த மழையைச் சேமித்து வைத்துச் சோறு போடுகிறது. கண்மாயைத் தூர விட்டதும், விளைந்ததற்கு விலை கொடுக்காததும் மனிதர்கள் செய்த குற்றம்.

இனி யாராவது "தண்ணீர் இல்லாத காடு" என்று சொன்னால், "அந்தக் காட்டு உளுந்தில்தான் உங்கள் வீட்டு இட்லி" என்று சொல்லுங்கள்!