கோடு போட்டால் போதுமா?



ஒன்பதாம் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சி படித்தோம். 1789, பாஸ்டில் சிறை என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினோம், மறந்தும் போனோம். ஆனால் அதற்கு அடுத்த வருஷம் அவர்கள் செய்த ஒரு வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1790-இல் பழைய மாகாணங்களைக் கலைத்துவிட்டு, நாட்டை 83 மாவட்டங்களாகப் பிரித்தார்கள். பெரும்பாலும் ஆறு, மலைகளின் பெயரையே வைத்தார்கள். எந்த ஊர்க்காரரும் குதிரையில் ஒரே நாளில் மாவட்டத் தலைநகருக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதே அவர்கள் வைத்த அளவு.

அவர்கள் நம் பக்கம் வந்திருந்தால், வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையின் பெயரையே நம் மாவட்டத்துக்கு வைத்திருப்பார்கள்!

பழைய மதுரை மாவட்டத்திலிருந்து 1985-இல் திண்டுக்கல் பிரிந்தது. 1996-இல் தேனி பிரிந்தது. அதுவரை போடிக்காரர்கள் கலெக்டரைப் பார்க்க, சுமார் 90 கி.மீ. தாண்டி மதுரைக்குப் போக வேண்டும். இப்போது போடியிலிருந்து தேனி 15 கி.மீ.தான்.

"அதான் பக்கத்துல வந்துருச்சே, இன்னும் என்ன குறை?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் அம்மா விடியுமுன் ஜீப்பில் மலையேறி, கேரளாவின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போவார். பொழுது சாயும்போதுதான் இறங்குவார். என் சான்றிதழ் ஒன்றுக்காக அம்மா மூன்று தடவை அலைந்தார். மூன்று நாள் கூலி போச்சு! அலுவலகம் திறந்திருக்கும் நேரமெல்லாம் அம்மா மலைமேல் நிற்கிற நேரம். அப்புறம் பக்கத்தில் இருந்து என்ன பிரயோஜனம்? குதிரைக் கணக்கில் நம் மாவட்டம் பாஸ். கூலிக் கணக்கில் ஃபெயில்.

"இ-சேவை மையம் இருக்கே" என்பார்கள். உண்மைதான், மனு அங்கே போடலாம். ஆனால் விசாரணைக்கு நேரில் வரச் சொன்னால் மறுபடியும் ஒரு நாள் கூலி போகுமே!

என் கருத்து இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, தோட்டத்துக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்கும்போது, மலையடிவார ஊர்களில் முகாம் நடத்த வேண்டும். தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்கக் கூடாது. கூலியிலும் அளக்க வேண்டும்.

நாளை நம்மில் ஒருவர் அதிகாரி ஆகலாம். அன்று வரைபடத்தில் கோடு போடும்போது, ஜீப்பில் தொங்கிக்கொண்டு போகும் அம்மாக்களை நினைத்துப் பாருங்கள்.

சிந்திப்போமா நண்பர்களே?

– பத்தாம் வகுப்பு மாணவி, பொட்டிபுரம்