நெட் போட்டதால் போன் கெடவில்லை

"நெட் போட்ட நாளிலிருந்துதான் போனில் சத்தம் கெட்டுப் போச்சு." மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை இந்தப் பேச்சு பழகிப்போன ஒன்று. வீட்டு எண்ணில் பேசினால் இரைச்சல். கட்டாரிலிருந்து மகன் எடுத்தால் குரல் விட்டுவிட்டு வருகிறது. உடனே எல்லோருடைய விரலும் புதிதாக வந்த ரவுட்டரை நோக்கி நீள்கிறது. லைனைக் கழற்றிவிடு என்கிறார் ஒருவர். பெரிய பெக்கேஜுக்கு மாறு என்கிறார் மற்றவர். இரண்டு யோசனையும் காசைத்தான் கரைக்கும். கோளாறு பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

ஒரே செப்புக் கம்பியில் இரண்டும் வருவதால் நெட் பேச்சோடு கலந்துவிடுகிறது என்பது முதல் வாதம். கம்பி ஒன்றுதான், ஆனால் இரண்டும் அதில் வெவ்வேறு அலைவரிசைகளில் போகின்றன. தொலைபேசிக் குரல் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரைக்குள் அடங்கும். ஏடிஎஸ்எல் இணைப்போ 25,000 ஹேர்ட்ஸுக்கு மேல்தான் தொடங்கி 11 இலட்சம் வரை செல்கிறது. நடுவில் தாராளமான இடைவெளி உண்டு. குரலைக் கெடுப்பது, அந்த உயர் அலைவரிசை தடுப்பில்லாமல் தொலைபேசிக் கருவிக்குள் நுழைவதுதான். அதைத் தடுக்கத்தான் ரவுட்டரோடு சேர்த்து ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டியைத் தருகிறார்கள்.

தவறு நடப்பது இங்கேதான். முன் அறையில் உள்ள போனுக்கு ஸ்பிளிட்டர் இருக்கும். மாடியில் வாப்பாவுக்காக இழுத்த எக்ஸ்டென்ஷனுக்கு இருக்காது. அந்த ஒரு போன் போதும், வீடு முழுக்க இரைச்சல் கேட்க. பேக்ஸ் இயந்திரம் இருந்தால் அதற்கும் ஒரு தடுப்பு வேண்டும். சில வீடுகளில் ஸ்பிளிட்டரின் துளைகள் மாறிப்போய், ரவுட்டருக்குரிய துளையில் போன் செருகப்பட்டிருக்கும். சோதனை எளிது. ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போனைக் காதில் வையுங்கள். இரைச்சல் நின்றால் ஸ்பிளிட்டரைப் பாருங்கள். நிற்காவிட்டால் நெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோளாறு லைனிலோ போனிலோ இருக்கிறது.

"முன்பு நன்றாக இருந்த லைன்தானே?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி, ஆனால் இதற்குப் பதில் கடற்கரையில் இருக்கிறது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எல்லாம் கடலோரத்தில் வரிசையாக அமைந்த ஊர்கள். உப்புக் காற்று செப்பு இணைப்புகளில் பச்சைக் களிம்பைப் பிடிக்க வைக்கிறது. வடகீழ்ப் பருவ மழை தொடங்கியதும் அந்த மூட்டுகளில் ஈரம் இறங்கிக் கரகரப்பு எழுகிறது. வெயில் வந்தால் தணிகிறது, மறு மழையில் திரும்புகிறது. மழையோடு ஏறி இறங்கும் இரைச்சலுக்கு நெட் காரணமாக முடியாது. நெட் போட்ட அதே நாளில் இரைச்சல் தொடங்கியதற்கும் விளக்கம் உண்டு. நெட் பொருத்த வந்தவர் பழைய மூட்டைத் தொட்டு அசைத்திருப்பார். அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருந்த இணைப்பு அப்போதுதான் தளர்ந்திருக்கும்.

இதற்கும் சோதனை இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து லைன் நுழையும் முதல் பெட்டியில் ஒரு போனை மட்டும் மாட்டி, ஏதாவது ஓர் இலக்கத்தை அழுத்துங்கள். டயல் ஓசை அடங்கும். அந்த அமைதியில் கரகரப்புக் கேட்டால், வேறொரு போனை மாட்டியும் பாருங்கள். அதிலும் கேட்டால் பழுது வீட்டுக்கு வெளியே. திருத்துவது கம்பனியின் பொறுப்பு. முதல் போனிலேயே சத்தமில்லையென்றால் வீட்டு வயரிங்கைச் சோதியுங்கள்.

மூன்றாவது வாதம் நெட் வழியாக வரும் கோல்களைப் பற்றியது, அதுதான் அதிகம் செலவு வைப்பது: வேகம் போதாது, பெக்கேஜைக் கூட்டு. ஒரு தொலைபேசிக் குரலுக்கு வழக்கமான ஜி.711 முறையில் செக்கனுக்கு 64 கிலோபிட் போதும்; மேலதிகத் தலைப்புத் தரவுகளைச் சேர்த்தாலும் ஏறத்தாழ 100தான். குரலுக்கு முக்கியம் தாமதம். ஒரு பக்கம் போக 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைக் கெடுப்பது பெரும்பாலும் மேலேற்றும் பாதை. ஏடிஎஸ்எல்லில் அந்தப் பாதை இயல்பிலேயே ஒடுங்கியது. வீட்டிலுள்ள இன்னொரு போன் கல்யாண வீட்டு வீடியோக்களைத் தானாக மேலேற்றத் தொடங்கினால், ரவுட்டருக்குள் நீண்ட வரிசை உருவாகிறது. நோயாளியை ஏற்றிய முச்சக்கர வண்டி லொறிகளுக்குப் பின்னால் நிற்பதுபோல் உங்கள் குரல் அதில் மாட்டிக்கொள்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜிம் கெட்டிஸ் 2010இல் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டறிந்து உலகறியச் செய்தார். இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் முறை 2018இல் பரிசோதனை நிலை இணைய ஆவணமாகவும் வெளியானது. ரவுட்டரில் அந்த வசதி இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால் பேசும் நேரத்தில் மேலேற்றத்தை நிறுத்துங்கள், செலவே இல்லை.

4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். வளைகுடாவில் வேலை முடியும் நேரம் இங்கே இரவு. கட்டாரும் சவூதியும் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னே, துபாய் ஒன்றரை மணித்தியாலம் பின்னே. அங்கிருந்து கோல் வரும் வேளையில்தான் ஊரில் எல்லோரும் வீடியோ பார்க்கிறார்கள். கோபுரத்தின் கொள்ளளவு எல்லோருக்கும் பங்காகிறது. காலையில் தெளிவாகவும் இரவில் உடைந்தும் கேட்டால் காரணம் அதுதான்.

துபாய்க் கோலுக்கு வட்ஸ்அப் ஏன் ஒத்துவரவில்லை என்பதற்கும் இங்குள்ள ரவுட்டரைத் திட்டுகிறார்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தில் வட்ஸ்அப் குரல் அழைப்பு தடுக்கப்பட்டிருக்கிறது. பொட்டிம் போன்ற உரிமம் பெற்ற செயலிகளுக்கே அனுமதி. சவூதி இணையவழி அழைப்புகளுக்கான பொதுத் தடையை 2017 செப்டெம்பரில் தளர்த்தியது. தடையைச் சுற்றிப் போக விபிஎன் போட்டால் பாதை நீண்டு தாமதம் இன்னும் கூடும். அக்கரைப்பற்றிலுள்ள ராத்தாவோடு அதே செயலியில் பேசிப் பாருங்கள். அது தெளிவாக இருந்தால் உங்கள் லைன் குற்றமற்றது.

பைபர் எடுத்தால் எல்லாம் தீரும் என்பதிலும் பாதி உண்மைதான். களிம்பும் ஸ்பிளிட்டரும் போய்விடும். ஆனால் செப்பு லைனில் போனுக்கான 48 வோல்ட் மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. பைபரில் வீட்டு மின்சாரம் நின்றால் போனும் நின்றுவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்துவிடக் கூடாது. ரவுட்டருக்கென ஒரு சிறு பெட்டரி வாங்கி வையுங்கள். கொங்கிறீட் சுவருக்குப் பின்னால், அலுமாரிக்குள் ரவுட்டரை ஒளித்துவைத்தால் பைபரிலும் குரல் உடையும்.

சோதித்தபின் பழுது வெளியே என்று தெரிந்தால், எந்த நாள், எந்த நேரம், மழையா வெயிலா, ரவுட்டர் நிறுத்தியும் இரைச்சல் இருந்ததா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு முறையிடுங்கள். ஸ்ரீலங்கா டெலிகொம் லைன் என்றால் 1212. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கம்பனியாக இருந்தாலும் அலட்சியம் செய்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்கு எடுங்கள். அதுவரை நெட்டைக் கழற்றவும் வேண்டாம், பெக்கேஜைக் கூட்டவும் வேண்டாம்.