முக்தியா, மூச்சுத் திணறலா?

நேபாள தேசத்தில் ஏறக்குறைய 3,700 மீட்டர் உயரத்திலுள்ள முக்திநாத்துக்கு, அது 108 திருப்பதிகளில் ஒன்றென்று நம் வைணவர்கள் வயோதிகப் பெற்றோரை அழைத்துப் போகிறார்கள். பௌத்தர்களுக்கும் அது புண்ணிய ஸ்தலமேயாம். அங்கே ஜ்வாலாமாயி கோவிலில் ஊற்று நீரருகே எரியும் நெருப்பைத் தெய்வ சக்தி என்கிறார்கள். பௌத்தப் பெண் துறவிகள் காத்துவரும் அந்நெருப்பு, பூமிக்குள்ளிருந்து கசியும் எரிவாயுவேயன்றி வேறல்ல. கண்டகி நதியில் பொறுக்கும் சாளக்கிராமமோ, இமயமலை எழும்பும் முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்து மடிந்த ஜந்துவின் ஓடு கல்லாய்ப் போனதாகும். விஷ்ணு சக்கரமென்பது அந்த ஓட்டின் சுருளே!

கல்லைக் கும்பிடுவது போகட்டும். உயிர் விஷயம் அப்படியா? சுமார் 800 மீட்டர் உயரமுள்ள பொக்காராவிலிருந்து ஆகாய விமானத்தில் அரைமணிக்குள் 2,700 மீட்டரிலுள்ள ஜோம்சோமுக்கும், அன்றைக்கே முக்திநாத்துக்கும் ஏறினால் உடம்புக்குப் பிராணவாயு போதாது. தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் முற்றினால் உடனே கீழே இறக்குவதே வைத்தியம். அதை விட்டு, 108 தாரைகளின் பனிநீரில் கிழவர்களை நனைய வைத்து, "அங்கே செத்தாலும் முக்திதான்" என்பது பக்தியா, பாதகமா? போயே தீருவோமென்பவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்டு, ஜோம்சோமில் இரண்டு இரவாவது தங்கி மேலே ஏறட்டும் என்கின்றோம்.